தற்காப்பு வீரரின் வரவும் இருப்பும்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். தற்காப்பு வீரரின் பெயரோ பெரும்பாலும் அவர் சறுக்கிய நாளில்தான் பேசப்படும். நிறுவனக் கணக்கில் இலாபத்தை எல்லோரும் பார்ப்பார்கள். இடர் வரும் நாளுக்கென எடுத்து வைத்த ஒதுக்கீட்டை எவரும் கவனிப்பதில்லை. எனினும் நெருக்கடி நேர்கையில் நிறுவனத்தைத் தாங்கி நிற்பது அந்த ஒதுக்கீடே. அப்படியொரு பொறுப்பைத் தோளில் சுமக்கும் இளம் இந்திய வீரர் அன்வர் அலியின் பயணம், கால்பந்து விரும்பாதவர்களும் அறியத்தக்கது.

அன்வர் அலி 2000ஆம் ஆண்டு பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டத்து ஆதம்பூரில் பிறந்தவர். மினர்வா அகாடமியில் பயிற்சி பெற்று, 2017இல் இந்தியா முதன்முறையாகப் பங்கேற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நடுத் தற்காப்பு ஆட்டக்காரராகக் களமிறங்கினார். அமெரிக்கா, கொலம்பியா, கானா ஆகிய மூன்று அணிகளிடமும் இந்தியா தோற்றது. ஆயினும், அந்த அணியின் சிறுவர்கள் சிலர்மீது நாட்டின் பார்வை விழுந்தது.

அடுத்த ஆண்டே அதற்குப் பயன் கிட்டியது. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடைபெற்ற கோட்டிஃப் போட்டியில், 20 வயதுக்குட்பட்ட இந்திய அணி அர்ஜென்டினாவை 2–1 என வென்றது. எதிரணியின் பயிற்சியாளர், பின்னாளில் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த லியோனல் ஸ்கலோனி. இந்திய அணி பத்துப் பேராகக் குறைந்துவிட்ட நிலையில், 68ஆம் நிமிடத்தில் ஃப்ரீ கிக் மூலம் இரண்டாவது கோலை அடித்தவர் அன்வர் அலி. அதே ஆண்டில் மும்பை சிட்டி கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது.

2019இல் நடந்த மருத்துவப் பரிசோதனை அனைத்தையும் மாற்றியது. அவருடைய இதயத் தசை, அதன் நுனிப் பகுதியில் இயல்பைவிடத் தடித்திருப்பது தெரியவந்தது. மருத்துவர்கள் இதனை ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி என்னும் நோயின் ஒரு வகையாகக் கூறுகின்றனர். இந்நோய் உள்ளவர்களில் பலர் இயல்பாக வாழ்கின்றனர். ஆனால் கடும் உடலுழைப்பின்போது சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். 2003ஆம் ஆண்டு பிரான்ஸின் லியோன் நகரில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியின்போது களத்திலேயே சரிந்து உயிரிழந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கும் இந்நோய் இருந்தது, பின்னர்தான் கண்டறியப்பட்டது.

எனவே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு, அவர் ஆட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று கருதியது. இதில் எவரையும் எளிதில் குறை கூற இயலாது. ஓர் இளைஞரின் உயிரைக் காப்பது கூட்டமைப்பின் கடமை. மறுபுறம், பத்தொன்பது, இருபது வயதில் தெரிந்த ஒரே தொழிலை இழந்து நிற்பவருக்கு, அத்தொழிலே வாழ்வாதாரம். எவ்வளவு இடரை ஏற்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே கேள்வி. அன்வர் அலி டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். கூட்டமைப்பு இறுதி முடிவெடுக்கும்வரை அவர் பயிற்சியில் ஈடுபடலாம் என 2020 அக்டோபரில் நீதிமன்றம் அனுமதித்தது. மேலும் பல மருத்துவக் கருத்துகள் பெறப்பட்டபின், 2021இல் அவர் மீண்டும் போட்டிகளில் ஆடும் வாய்ப்புப் பெற்றார்.

டெல்லி எஃப்.சி. அணியில் தொடங்கிய மறுபயணம், 2022இன் தொடக்கத்தில் எஃப்.சி. கோவாவுக்கு இட்டுச் சென்றது. அவ்வாண்டு மார்ச் மாதம் பஹ்ரைனுக்கு எதிராக இந்திய முதன்மை அணியில் அறிமுகமானார். ஜூன் 14 அன்று கொல்கத்தாவில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்குக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். இந்தியா 4–0 என வென்றது.

தற்காப்பு வீரரின் விதி அவரையும் விடவில்லை. 2023 ஜூனில் பெங்களூருவில் நடந்த தெற்காசியக் கோப்பைப் போட்டியில், குவைத்துக்கு எதிராக முன்னிலையில் இருந்த இந்தியாவின் வெற்றி, கூடுதல் நிமிடங்களில் அவர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் புகுந்த பந்தினால் சமநிலையானது. சில நாட்களில் அதே குவைத்தை இறுதியாட்டத்தில் பெனால்டி முறையில் வென்று இந்தியா கோப்பையை ஏந்தியது.

அதே ஆண்டு அவர் மோகன் பகான் அணிக்குச் சென்றார். ஒரு கழகம் தன் வீரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மற்றொரு கழகத்துக்கு அனுப்புவதைக் கால்பந்திலும் 'லோன்' என்றே குறிப்பிடுவர். டெல்லி எஃப்.சி. அவரை அனுப்பியதும் அம்முறையிலேயே. அந்த அணி 2023இல் டுராண்ட் கோப்பையையும், 2023–24 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் ஷீல்டையும் வென்றது. 2024இல் அவர் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு மாறியபோது, முந்தைய ஒப்பந்தம் குறித்துத் தகராறு எழுந்தது. கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு நான்கு மாதத் தடை விதித்ததுடன், அவரும் இரு கழகங்களும் சேர்ந்து ரூ.12.90 கோடி இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும் ஆணையிட்டது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதும் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, வழக்கு புதிதாக விசாரிக்கப்பட வழி ஏற்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு எத்தனை கோடி பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கால்பந்து வீரரின் வருமானம் ஈட்டும் காலம் சுமார் பதினைந்து ஆண்டுகள். நம் பொது வருங்கால வைப்பு நிதியின் முதிர்வுக் காலமும் அதுவே. இருபது வயதில் கணக்குத் தொடங்குபவர், ஆட்டம் முடியும் வயதில் முதிர்வுத் தொகையைக் கையில் பெறலாம். ஆண்டுக்கு ரூ.1.5 இலட்சம் வரை இதில் செலுத்தலாம். வாகன ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, மேடைக் கலைஞர் என உடலை நம்பிப் பிழைக்கும் அனைவருக்கும் இக்கணக்குப் பொருந்தும். அவர்களுக்கும் வரவு நிற்கும் நாள் முன்னறிவிப்பின்றி வரலாம்.

அந்நாளுக்கான முதல் தற்காப்பு மிக மலிவானது. சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ரூ.2 இலட்சம் வரை விபத்துக் காப்பீடு பெறலாம். 18 முதல் 50 வயதுக்குள் சேர்வோர்க்கு, ஆண்டுக்கு ரூ.436 கட்டணத்தில் ஜீவன் ஜோதி திட்டம் ரூ.2 இலட்சம் ஆயுள் காப்பீடு அளிக்கிறது. புதுப்பிக்கும் காலத்தில் கணக்கில் போதிய இருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில், 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்னும் கட்டத்துக்கு வந்ததும் பலருடைய பேனா தயங்குவதை வங்கியில் பணிபுரிவோர் அறிவர். மறைப்பதால் கட்டணம் குறையும் என்ற எண்ணமே காரணம். 2024ஆம் ஆண்டு விதிமாற்றத்தின்படி, தெரிவிக்கப்பட்ட முன்நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்களே. மறைத்த நோயோ, பணம் மிகத் தேவைப்படும் நாளில் உரிமைக் கோரிக்கையையே தள்ளுபடி செய்ய வைத்துவிடலாம்.

அன்வர் அலியின் நோய் பரிசோதனையில் தெரிந்ததால்தான் மருத்துவர்களும் நீதிமன்றமும் கூட்டமைப்பும் அதை எடைபோட முடிந்தது. அவரும் இடரை அறிந்தே களம் திரும்பினார். தெரியாமல் இருந்திருந்தால், எடைபோடுவதற்கு எவருக்கும் வாய்ப்பே கிடைத்திராது. அடுத்த முறை அந்தக் கட்டத்தை நிரப்புகையில், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஐயமிருப்பின் உங்கள் கிளை அலுவலரிடம் கேளுங்கள்.