மூச்சும் மௌனமும்: திருச்சியும் திருவரங்கமும் காட்டும் யோக நெறி

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் மனிதன் உயிர் தரித்திருத்தல் கூடும். மூச்சின்றியோ சில மணித்துளிகளுக்கு மேல் வாழ இயலாது. இத்துணை இன்றியமையாத மூச்சைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே அரிது. அதனை எண்ணிப் பார்த்து, அதன் வழியே உள்ளத்தை நெறிப்படுத்தி, இறைவனை நாடிய சான்றோர் பலருக்குக் காவிரிக் கரை இடம் தந்துள்ளது. அவர்கள் வகுத்த அன்றாடப் பயிற்சி இன்றைய மாணவர்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டு உறுப்புகள்

யோகம் என்றவுடன் உடலை வளைத்து நிற்கும் ஆசனங்களே பலர்க்கு நினைவுக்கு வருகின்றன. பதஞ்சலியார் தம் யோக சூத்திரத்தில் ஆசனத்திற்கென ஒதுக்கியவை மூன்று சூத்திரங்களே. உடல் அசைவின்றியும் துன்பமின்றியும் அமர்ந்திருத்தலே ஆசனம் என்பது அவர் கருத்து.

தமிழில் யோகத்தை விரித்துரைத்த முதன்மையான நூல் திருமூலரின் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புகளை முறைப்பட விளக்குகிறது. இவ்வரிசை கருதத்தக்கது. கொல்லாமை, பொய்யாமை, களவாமை, அடக்கம், நடுவுநிலைமை, பகுத்துண்ணல், கள்ளுண்ணாமை முதலிய ஒழுக்கங்கள் முதற்படியில் வைக்கப்பட்டுள்ளன. மூச்சுப் பயிற்சி நான்காம் படியிலேயே வருகிறது. ஒழுக்கத்தை விடுத்து மூச்சை மட்டும் பிடிப்பவன் அடித்தளமின்றி மாடம் கட்டுபவனுக்கு ஒப்பாவான்.

திருவரங்கம்: கைநழுவிய கலை

வைணவ ஆசாரியர் வரிசையில் முதலிடம் பெறுபவர் காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த நாதமுனிகள். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து, திருவரங்கத்தில் அதனை இசையுடன் ஓதச் செய்த பெருமை அவருக்கு உரியது. அவர் யோகத்திலும் வல்லவர். பிரபந்தத்தை உய்யக்கொண்டாருக்கும், யோக இரகசியத்தைக் குருகைக் காவலப்பனுக்கும் அவர் அளித்தார் எனக் குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன.

நாதமுனிகளின் பேரரும், திருவரங்கத்தில் தலைமை ஆசாரியராக விளங்கியவருமான ஆளவந்தார், அவ்விரகசியத்தைப் பெற விரும்பிக் குருகைக் காவலப்பனை அணுகினார். தாம் உடலை நீக்கும் நாளைக் குறித்துத் தந்து, அதற்குள் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அவர் கூறினார். ஆளவந்தாரோ திருவனந்தபுரத்திற்கு வழிபடச் சென்றிருந்தபோதுதான் குறித்த நாள் அன்றே என்பதை உணர்ந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிரபந்தமோ நாள்தோறும் பலர் நாவில் ஓதப்பட்டமையால் இன்றும் வாழ்கிறது. யோக இரகசியமோ ஒருவரிடம் மட்டும் தங்கியமையால் அவருடனேயே மறைந்தது. பலரால் அன்றாடம் பயிலப்படாத கலை நிலைக்காது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலைக்கோட்டை: சும்மா இருத்தல்

பதினெட்டாம் நூற்றாண்டில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் அரசில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றியவர் தாயுமானவர். மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயரே அவர் பெயராயிற்று. திருமூலர் மரபில் வந்த மௌனகுருவைத் தம் ஆசிரியராக அவர் போற்றுகின்றார். அக்குரு அவர்க்கு அளித்த அறிவுரை ‘சும்மா இரு’ என்பதாகும். அது சோம்பலைக் குறிப்பதன்று. அலையும் மனத்தை அடக்கி இருத்தலைக் குறிப்பது. அரசு அலுவலின் கணக்கு வழக்குகளுக்கு இடையே வாழ்ந்த ஒருவர்க்கே இவ்வறிவுரை கூறப்பட்டது என்பதை இன்று பணிச்சுமையாலும் தேர்வு அச்சத்தாலும் அலைக்கழிவோர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

குணங்குடியார் கண்ட நெறி

தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றிய சுல்தான் அப்துல் காதிர், இறையருள் நாடித் திருச்சிராப்பள்ளிக்கு வந்து மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றார். பின்னர்ச் சென்னை இராயபுரத்தில் தங்கி, 1838-இல் மறைந்த அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு எனப் போற்றப்படுகின்றார். தாயுமானவர் பாடிய ‘பராபரக் கண்ணி’ என்னும் பெயரிலேயே அவரும் நூல் செய்தார். தமிழ்ச் சித்தர் மரபின் யோகச் சொற்களை அவர் தயங்காது எடுத்தாண்டு, ஏக இறைவன்பால் தாம் கொண்ட காதலை வெளியிட்டார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பது அக்காலத் தமிழகத்தின் நல்லிணக்கத்தைக் காட்டும்.

இஃது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. அல்பிரூனி (973–1048) பதஞ்சலியாரின் நூலை அரபு மொழியில் ஆக்கினார். பதினாறாம் நூற்றாண்டில் குவாலியரைச் சார்ந்த முகம்மது கௌஸ் ‘பஹ்ருல் ஹயாத்’ என்னும் பாரசீக நூலில் யோகப் பயிற்சிகளை விளக்கினார். நக்ஷபந்தி சூஃபிகள் ஒவ்வொரு மூச்சிலும் இறைநினைவோடு விழித்திருத்தலை ‘ஹோஷ் தர் தம்’ எனத் தம் நெறியின் முதற்கோட்பாடாகக் கொண்டனர்.

ஓர் ஐயம்

யோகம் பயில்வது நம் மார்க்கத்திற்கு ஒவ்வுமா எனப் பெரியோர் சிலர் வினவுவர். இவ்வினாவைப் புறந்தள்ளுதல் முறையன்று. 2008-இல் மலேசிய தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாடும் கலந்த யோகத்தை முஸ்லிம்கள் பயிலலாகாது என அறிவித்தது. 2009-இல் இந்தோனேசிய உலமா மன்றம், வழிபாட்டுக் கூறுகள் கலந்த யோகத்தை விலக்கி, உடல்நலம் ஒன்றே கருதிய பயிற்சிக்கு இடமளித்தது. இவற்றை நோக்கின், உடலும் மூச்சும் ஒழுக்கமும் மாந்தர் அனைவர்க்கும் பொது என்பதும், எவரை வணங்குவது, எச்சொல்லை ஓதுவது என்பன அவரவர் நம்பிக்கைக்கு உரியவை என்பதும் விளங்கும். ஒருவரைத் தம் நம்பிக்கைக்கு மாறான சொல்லை ஓதுமாறு வற்புறுத்துதலும் தவறு. மூச்சைச் சீராக்கும் ஒருவரை ஐயுறுதலும் தவறு.

நாள்தோறும் செய்யத்தக்கவை

வைகறையில் எழுதல் முதற்பயிற்சியாகும். உணவுக்கு முன், காற்றோட்டமுள்ள இடத்தில், கால்களை மடித்துச் சுகாசனத்தில் அமர்க. இயலாதோர் நாற்காலியில் நிமிர்ந்து அமரலாம். முதுகும் கழுத்தும் நேராக இருத்தல் வேண்டும்.

அடுத்து, மூக்கின் வழியே மெல்ல மூச்சை உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுக. மனத்துள் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுதல் தொடக்கநிலையினர்க்குப் போதுமானது. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என நம் முன்னோர் கணக்கிட்டனர். இது மணித்துளிக்குப் பதினைந்தாகும். ஓய்வில் உள்ள ஒருவர் மணித்துளிக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவதாக இன்றைய மருத்துவம் கூறுவதோடு இஃது ஒத்துள்ளது. இவ்வெண்ணிக்கையை ஆறளவிற்குக் குறைக்கும்போது, இதயத் துடிப்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் மிகுகிறது. மனப் பதற்றம் தணிகிறது. நாளும் ஐந்து மணித்துளிகள் இதற்குப் போதும்.

அதன்பின் சிறிது நேரம் மௌனமாக இருக்க. எண்ணங்கள் எழுந்தால் அவற்றோடு போரிட வேண்டா. மீண்டும் மூச்சைக் கவனித்தால் போதும். மாலையில் நடைப் பயிற்சி நன்று. இரவு உறங்குமுன், அன்று பொய் உரைத்தோமா, எவர் மனத்தையேனும் புண்படுத்தினோமா எனத் தன்னைத் தானே வினவுதல் இயமத்தை வாழ்வில் கொணரும் வழியாகும்.

எச்சரிக்கை

திருமந்திரம் பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை விடும் முறையைக் கூறுகிறது. இதனை நூலைப் படித்த அளவிலே முயலுதல் தீங்காகும். தக்க ஆசிரியரின்றி மூச்சை அடக்குதல் கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உடையோரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரின் கருத்தைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். யோகம் மருந்துக்குத் துணையாகலாம், மருந்துக்கு மாற்றாகாது. எல்லா நோயையும் தீர்ப்பதாகக் கூறுவோரின் சொல்லை நம்பி மருந்தை நிறுத்துதல் உயிர்க்கே கேடாய் முடியும்.

முடிவுரை

ஐ.நா. அவை 2014-இல் அறிவித்ததற்கு இணங்க, 2015 முதல் சூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டிற்கு ஒருநாள் திடலில் கூடுதல் எளிது. நாள்தோறும் தனியறையில் பத்து மணித்துளிகள் அமர்தலே அரிது. பயன் தருவது அவ்வரிய செயலே. ஆளவந்தாரைப் போன்ற பேரறிஞர்க்கே ஒரு நாள் தவறியமையால் ஒரு கலை கிட்டாது போயிற்று. நாமோ எண்ணற்ற நாள்களைத் தவறவிட்டு வருகின்றோம். ஒழுக்கத்தை முதலாகவும் மூச்சைத் துணையாகவும் கொண்டு, அவரவர் நம்பிக்கையில் உறுதியாய் நின்று, இன்றே தொடங்குவோமாக!