ஷீட்டின் முதுகில் உள்ள எண்

மேலகரம், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் புதுவீடு கட்டுவோர் அடுப்பு மேடைக்குக் கடப்பா கல்லா, கிரானைட்டா என்று மட்டும் யோசித்த காலம் போய், மாடுலர் கிச்சன் பரவியதோடு ‘சாலிட் சர்ஃபேஸ்’ என்ற மூன்றாவது பெயரும் பேச்சில் வந்து சேர்ந்திருக்கிறது. மலையிலிருந்து வெட்டி எடுக்கப்படாமல், பிசினும் தாதுத் தூளும் கலந்து ஆலையில் வார்க்கப்படும் இப்பலகையைத் தொழிலில் இருப்போர் ‘ஷீட்’ என்றே அழைக்கின்றனர். மேடை நிறம் மாறினாலோ அடுப்பின் ஓரத்தில் விரிசல் கண்டாலோ வீட்டுக்காரரின் கோபம் முதலில் பாய்வது வேலை செய்த ஆசாரியின் மீதுதான். ஆனால், ஷீட் ஆலையை விட்டுப் புறப்படும்போதே அதற்குள் குறை இருந்திருக்கக்கூடும் என்பதும், கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் அதன் அடையாளம் தேய்ந்துகொண்டே வருவதால் பழி கடைசி ஆளின் தலையில் விழுகிறது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

இப்பொருளின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்லோகம் என்ற வேதியியலாளர் 1967இல் உருவாக்கிய ‘கோரியன்’தான் இவ்வகையில் முதலாவது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்ரிலிக் பிசின், மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் ட்ரைஹைட்ரேட் எனும் வெள்ளைத் தூள் என்பதே அதன் கலவை. பாக்சைட் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இத்தூள், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது தன்னுள் கட்டுண்ட நீரை ஆவியாக வெளியிடுவதால், தீ பரவுவதைத் தடுக்கும் இயல்பும் உடையது. வழக்கமான 12 மில்லிமீட்டர் தடிமன் முழுவதும் ஒரே கலவையாக இருப்பதால் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஏறத்தாழ 160 டிகிரியில் சூடாக்கி வளைக்கலாம். இரு துண்டுகளை அதே நிறப் பசையால் இணைத்து, ஒட்டுத் தெரியாமல் மெருகேற்றலாம்.

கலவை சரியாக இருந்தால்தான் இவை அனைத்தும் பொருந்தும் என்பதை வாங்குவோர் மனத்தில் இருத்த வேண்டும். விலையைக் குறைக்க விரும்பும் ஆலை முதலில் கைவைப்பது பிசினில். ஆக்ரிலிக்குக்குப் பதிலாக முழுவதுமோ பாதியோ பாலியஸ்டர் பிசினைச் சேர்த்தால் செலவு குறைகிறது, ஆனால் அந்த ஷீட் வெயில் படும் இடத்தில் எளிதில் மஞ்சளிக்கிறது, சூடாக்கி வளைக்கும்போது வெண்கோடு விழுந்து ஒடிகிறது. அடுத்த மாற்றம் தூளில் நிகழ்கிறது. அலுமினியம் ட்ரைஹைட்ரேட்டின் இடத்தில் மலிவான கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் தூள், சேர்க்கப்பட்டால் கண்ணுக்கு வேறுபாடு ஏதும் தெரிவதில்லை. கடப்பா கல் மேடையில் புளித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்திய இடம் வெளுத்துப் போவதைத் தமிழ்நாட்டுச் சமையலறைகள் நன்கறியும். கடப்பாவும் சுண்ணாம்புக் கல்லே என்பதுதான் அதற்குக் காரணம். ஷீட்டை அறுக்கும்போது உதிரும் தூளில் சிறிது எடுத்து அதன்மேல் சில துளி வினிகர் விட்டால், சுண்ணாம்பு கலந்த தூள் சிறு குமிழிகளாக நுரைக்கும். கலப்பற்றதாயின் வெறுமனே நனையும். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும், ஒரு மேடையே பாழாவதற்குமுன் ஐயத்தை எழுப்ப இது போதும்.

நிறத்தின் சிக்கல் இதனினும் நுட்பமானது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட வெள்ளை ஷீட்டுகூட, இரு வேறு வார்ப்புகளில் வந்தால் அருகருகே வைக்கும்போது வேறுபட்டுத் தோன்றலாம். எனவேதான் நல்ல ஆலைகள் ஷீட்டின் பின்புறத்தில் ‘பேட்ச் எண்’ எனப்படும் வார்ப்பு எண்ணை அச்சிடுகின்றன. பெருநகர மொத்த வியாபாரியிடமிருந்து உள்ளூர் டீலர், அவரிடமிருந்து இன்டீரியர் ஒப்பந்தக்காரர், அவரிடமிருந்து ஆசாரி என்று சரக்கு இறங்கி வரும்போது, கையிருப்பில் உள்ளதைக் கொண்டு கணக்கை நிரப்பும் வழக்கத்தால் இரு பேட்ச்கள் கலந்துவிடுகின்றன. ‘ட’ வடிவ மேடையின் மூலையில் அவை சந்திக்கும்போதுதான் உண்மை தெரிகிறது. தடிமனில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலும் இணைப்பு படியாக நிற்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தும் கூலியை எவரும் தனியாகத் தருவதில்லை. பசைக்கும் காலாவதித் தேதி உண்டு. வெயில் தாக்கும் கிடங்கில் கிடந்த பசை சரியாக இறுகாமல், சில மாதங்களில் இணைப்பில் கருங்கோடு விழச் செய்கிறது.

எல்லாப் பழியும் பொருளுக்கே உரியது என்று கொள்வதும் நியாயமாகாது. சாலிட் சர்ஃபேஸ், கிரானைட்டைவிடச் சூட்டில் பல மடங்கு விரியக்கூடியது. 3 மீட்டர் நீள மேடை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும் என்பதால், சுவரோடு இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்துவதும், அடுப்புக்கு வெட்டும் துளையின் மூலைகளை வளைவாக்காமல் கூராக விடுவதும் விரிசலை அழைப்பதற்கு ஒப்பாகும். குற்றாலத்துச் சாரல் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஷீட்டுக்கு ஈரத்தால் கேடில்லை. அதைத் தாங்கும் பிளைவுட்டுக்குத்தான் கேடு. சிங்க் ஓரத்தில் நீர் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பலகைக்குப் பதிலாகச் சாதாரணப் பலகை வைத்தால், அது ஊதி ஷீட்டை மேலே தள்ளும்.

அறுக்கும் ஆளின் உடல்நலமும் இக்கணக்கில் சேர வேண்டும். சிலிக்கா மிகுந்த குவார்ட்ஸ் செயற்கைக் கல்லின் தூசியால் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய் வந்ததைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லைத் தடைசெய்தது. சாலிட் சர்ஃபேஸில் அந்த அளவு சிலிக்கா இல்லை என்றாலும், அதன் தூசியோடு தொடர்புடைய நுரையீரல் தழும்பு நோய் ஒன்று 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. முகக்கவசமின்றித் தேய்ப்பது எந்தப் பொருளிலும் ஆபத்தே.

கெட்ட ஷீட்டால் நட்டப்படுவோரைச் சட்டம் கைவிடவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை அளிப்பவர் ஆகிய மூவரையும் பொறுப்பாக்குகிறது. வணிக நோக்கில் வாங்குவோர் நுகர்வோர் ஆகார் என்பது பொதுவிதி. ஆயினும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காகவே பொருள் வாங்குபவரை அச்சட்டம் விலக்கவில்லை என்பதால், கெட்ட ஷீட்டால் நட்டப்பட்ட சிறு ஆசாரியும் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்குரியவை. 5 லட்சம் வரை கட்டணமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் நுகர்வோருக்கு உதவி கிடைக்கும். ஆனால் இவை எதற்கும் ஆதாரம் வேண்டும். ஆகவே ஷீட் மேடையில் ஒட்டப்படுவதற்கு முன்பே அதன் பின்புற எண்ணைப் படமெடுத்து, ஆலையின் பெயரோடு பில்லில் எழுதி வாங்கி, அறுத்து மிஞ்சிய ஒரு துண்டையும் எடுத்து வையுங்கள். ஒட்டிய பிறகு அந்த எண்ணைப் படிக்க வழியில்லை.