பி.எம். கிசான் பணம் எங்கே நிற்கிறது?

"சார், ஊருல எல்லாருக்கும் ரெண்டாயிரம் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரலீங்க." வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஆட்டையாம்பட்டி சுற்றுவட்டார உழவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் பணம் மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும்: பட்டா, இ-கே.ஒய்.சி., வங்கிக் கணக்கு.

2019 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. அரை ஏக்கரில் நிலக்கடலை போட்டாலும் பத்து ஏக்கரில் குச்சிக்கிழங்கு நட்டாலும் தொகை ஒன்றே. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். வருமான வரி கட்டுபவர்களுக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கிடையாது. அது நியாயம்தான்.

இயற்கை உழவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் உண்டு. 2024-25 மத்திய பட்ஜெட்டில் பி.எம். கிசானுக்கு ஒதுக்கியது 60,000 கோடி. உர மானியத்துக்கு சுமார் 1.64 லட்சம் கோடி. உர மானியம் கம்பெனிக்குப் போய், விலை குறைந்த மூட்டையாகத்தான் விவசாயிக்கு வருகிறது. யூரியா வாங்காத நமக்கு அதில் பங்கு இல்லை. என்ன உரம் போட்டாய் என்று கேட்காமல் கைக்கு வருகிற பணம் இது. ஆகவே விட்டுவிடக் கூடாது.

முதலில் பட்டா. 1.2.2019 அன்று நில ஆவணத்தில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் கிரயம் வாங்கியவர்களுக்குக் கிடைக்காது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. கூட்டுப் பட்டா என்றால் அதில் பெயருள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். இறந்தவர் கணக்கில் தவணை வந்துகொண்டிருந்தால் எடுத்துச் செலவழிக்காதீர்கள், திரும்பக் கேட்பார்கள். பட்டாவை வாரிசு பெயருக்கு மாற்றிப் புதிதாகப் பதியுங்கள்.

அடுத்து இ-கே.ஒய்.சி. 2020-இல் சேலம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போன விவகாரம் நினைவிருக்கும். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. விவசாயியே இல்லாதவர் கணக்குக்குப் பணம் போனதால்தான் ஆள் சரிபார்ப்பு அவசியமாகிறது. ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு ஓ.டி.பி. வந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். அங்கேயே விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் புரியாதது. "பேங்குல ஆதார் ஜெராக்ஸ் குடுத்துட்டேனுங்களே" என்பார்கள். அது அடையாளச் சான்று மட்டுமே. மானியம் வர, ஆதாரை அந்தக் கணக்கோடு இணைக்கத் தனியாகச் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எதில் இணைத்தீர்களோ, பணம் அதற்கே போகும். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கிய பழைய கணக்கிலோ, தபால்காரர் தொடங்கிக் கொடுத்த கணக்கிலோ தவணைகள் சேர்ந்து கிடக்கலாம். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி என்று பார்த்துவிடலாம்.

மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லையா? வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். உதவி எண் 155261.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு வழியே இல்லை. குத்தகைக்கு உழுபவர், மாமனார் பெயரிலுள்ள காட்டில் பாடுபடும் மருமகள் போன்றவர்களுக்குப் பட்டா இல்லை. அதனால் பணமும் இல்லை. ஆந்திராவில் 2019-இல் வந்த ரைத்து பரோசா திட்டத்தில் குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியினரைச் சேர்த்தார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது நம் தவணையோடு அவர்கள் கோரிக்கையையும் மனுவில் எழுதுவோம்.