சிலம்பக் களத்தில் எதிராளி எங்கே?

சிலம்பத்தில் காலடிதான் முதல் பாடம். கால் இடம் மாறவும் உடல் திரும்பவும் பழகிய பிறகே கம்பு கைக்கு வரும். சலாம்வரிசை, வீச்சு, தட்டு, பூட்டு என்று வளரும் பயிற்சியின் பெரும்பகுதியை மாணவர் தனியாகச் செய்கிறார். இல்லையென்றால் எதிரே நிற்பவர் எங்கே அடிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்கிறார். இன்று நகரங்களில் பரவியிருக்கும் நிஜச்சூழல் தற்காப்புப் பயிற்சியில் எதிராளி சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடம் நெருக்கடியானது, கையில் ஆயுதம் இல்லை, தப்பித்தால் போதும் என்பதே அதன் கணக்கு.

தருமபுரி மண்ணில் பயிற்சியும் நிஜ மோதலும் ஒரு காலத்தில் பிரிந்திருக்கவில்லை. மாவட்டமெங்கும் கிடைத்த நடுகற்கள் பல, ஆநிரை கவர்வதிலும் மீட்பதிலும் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை. ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கும் அந்த வீரர்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் இன்றும் பார்க்கலாம். ஊருக்குள் புகுந்த விலங்கோடு போராடி மாண்டவர்களுக்கும் கற்கள் உண்டு. அவர்கள் கற்ற வித்தைக்கு மறுநாளே சோதனை வந்திருக்கக்கூடும். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் கிடக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தருமபுரியில் சிலம்பம் கற்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய பாடல் இது.

போர் ஓய்ந்தபின் கம்பு திருவிழாவுக்கும் மேடைக்கும் வந்தது. எம்.ஜி.ஆர். படங்கள் அதற்குப் புது மவுசு தந்தன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது திறந்துவிட்டிருக்கும் வாசல் பெரியது. ஆனால் போட்டி எதற்கு மதிப்பெண் தருகிறதோ, பயிற்சி அதை நோக்கியே போகும். தனித்திறன் பிரிவில் சுழற்சியின் வேகமும் அழகும் பார்க்கப்படுகின்றன. உடலில் கம்பு பட்டால் புள்ளி தரும் தொடுமுறையில்தான் ஒத்துழைக்காத எதிராளி ஒருவர் மிஞ்சியிருக்கிறார். தற்காப்புக்காகக் கற்க வருபவருக்கு இந்தப் பிரிவே முதன்மையாக இருக்க வேண்டும்.

எதிராளியின் எதிர்ப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஜூடோவை உருவாக்கிய ஜப்பானின் ஜிகோரோ கானோ தெளிவாகக் கண்டார். 1882-இல் கொடோகன் பள்ளியைத் தொடங்கிய அவர், ஆபத்தான பிடிகளை வரிசைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை முழு பலத்தோடு மோதிப் பழகச் செய்தார். கொல்லக்கூடிய அடியை நண்பன்மேல் முழுதாக அடித்துப் பார்க்க முடியாது; ஆகவே அது கடைசிவரை ஊகமாகவே நிற்கும். கொஞ்சம் சாதுவான பிடியைத் தினமும் நூறுமுறை, எதிர்ப்பவர்மேலேயே போட்டுப் பார்க்கலாம். அதிலிருந்துதான் பதற்றத்திலும் கைவிடாத திறமை பிறக்கிறது. ஷாங்காய் நகரக் காவல் அதிகாரியாக இருந்த ஃபேர்பேர்ன் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குச் சில எளிய அடிகளை மட்டும் கற்பித்ததும் இதே அனுபவத்தில்தான்: பயத்தில் நுணுக்கமான கைவேலை ஓடாது.

புதிய பயிற்சி என்பதாலேயே அது நிஜமாகிவிடாது. ரப்பர் கத்தியால் ஒருமுறை குத்திவிட்டு, கையை நீட்டியபடியே சிலையாக நிற்கும் கூட்டாளியிடமிருந்து கத்தியைப் பறிப்பதும் நடனம்தான். அதைக் கற்றவருக்கு வரும் தைரியம், ஒன்றும் கற்காதவரின் பயத்தைவிட ஆபத்தானது. நல்ல ஆசானிடம் பல ஆண்டு காலடி பழகியவருக்குத் தூரம் அளக்கும் கண்ணும் தடுமாறாத கால்களும் வாய்க்கின்றன. வார இறுதி வகுப்பில் அவை கிடைக்காது.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தரப்படும் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சியில் எதிராளி யார் என்ற கேள்வி கூர்மையாகிறது. மூன்று மாதத்தில் கராத்தேயோ சிலம்பமோ யாருக்கும் கைவந்துவிடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்தில் பாயும் அந்நியனை மட்டும் மனதில் வைத்துத் தரும் பயிற்சி, உறவினர் வேடத்தில் வருபவனிடம் உதவாது. கனடாவில் சார்லீன் சென் குழுவினர் பல்கலைக்கழக முதலாண்டு மாணவிகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. ஆபத்தை முன்கூட்டி உணர்வது, தெரிந்தவனிடமும் தயங்காமல் மறுப்பது, தேவைப்பட்டால் அடித்துத் தப்புவது ஆகியவற்றை 12 மணி நேரம் கற்றவர்களில், ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 சதவீதம், கற்காதவர்களில் 9.8 சதவீதம்.

எனவே பள்ளி வகுப்பில் முதலில் வர வேண்டியவை குரலும் மறுப்பும் ஓட்டமும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும். கம்பை ஒதுக்க வேண்டியதில்லை. பஞ்சு சுற்றிய கம்பு, தலைக்கவசம், எப்போது அடிப்பேன் என்று சொல்லாத ஜோடி, இவை போதும். பழைய காலடி புது வேலை செய்யும். குடையையோ விறகுக் கட்டையையோ கம்பாகப் பிடிக்கவும் பழக்கலாம். கூடவே சட்டமும் தெரிய வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மிஞ்சிய அடிக்கும் அது துணை நிற்காது.