விமான நிலையத்தில் உத்தியோகம் — குனிந்து பொறுக்குவதுதான் முதல் வேலை!

விமான நிலையத்தில் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். "பேரன் பிளேன் ஓட்டப் போகிறானா?" என்று பாட்டி கேட்பாள்.

இல்லை, பாட்டி! பேரன் பிளேன் ஓட்டப் போவதில்லை. பிளேன் இறங்குகிற தரையைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். இந்த வேலைக்குப் பேத்திகளும் போகிறார்கள்.

சென்னை மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே உள்ளே விட்டுவிட மாட்டார்கள். போலீஸ் விசாரணை முடியவேண்டும். பாதுகாப்பு வகுப்பில் உட்காரவேண்டும். அதன் பிறகுதான் கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டை வரும். எந்தெந்தப் பகுதிக்குள் போகலாம் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

ஊரில் பத்து வருடம் லாரி ஓட்டியவர் ஆனாலும் சரி, விமானங்கள் நிற்கும் தளத்தில் வண்டி ஓட்டத் தனி அனுமதி வாங்கவேண்டும். அங்கே விமானத்துக்குத்தான் முதல் வழி. விமானத்தின் வயிற்றில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? கிட்டே போகக்கூடாது. என்ஜின் ஓடுகிறது, அல்லது ஓடப் போகிறது என்று அர்த்தம்.

5.30 மணி என்றால் 0 மணி!

புதியவரைத் திணற வைப்பது கடிகாரம். உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் ஒரே பொது நேரத்தை வைத்து வேலை செய்கின்றன. நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துவிட்டால் அந்த நேரம் வரும். நமக்குக் காலை 5.30 என்றால் அங்கே 0 மணி! முதல் வாரத்தில் இதில் தடுமாறாதவர் அபூர்வம்.

அடுத்து ரேடியோ. இங்கிலீஷ் எழுத்து 'பி'யும் 'டி'யும் ரேடியோ இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் 'பி'க்குப் 'பிராவோ', 'டி'க்கு 'டெல்டா' என்று சொல்லவேண்டும்.

ஓடுபாதைக்கும் பெயர் உண்டு. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. திசைகாட்டியில் சுமார் 70 பாகையைப் பார்த்து ஓடினால் 07. எதிர்த்திசையில் ஓடினால் 250 பாகை, ஆகவே 25. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்! நீளம் 3,658 மீட்டர்.

ஜீப்பில் ஒரு தேடல்

இந்த நீளம் முழுவதையும் ஜீப்பில் போய்ப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. பல தடவை பார்க்கவேண்டும். எதைத் தேடுகிறார்கள்? திருகாணி, ஜல்லிக் கல், கிழிந்த டயர்த் துண்டு, பெட்டியிலிருந்து கழன்ற சக்கரம், காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பை. கண்ணில் பட்டால் இறங்கி, குனிந்து, பொறுக்கவேண்டும்.

"இதற்கா படித்துவிட்டு வந்தோம்?" என்று புதியவர் மனத்தில் தோன்றலாம். அப்போது மூத்தவர்கள் பாரிஸ் கதையைச் சொல்வார்கள்.

2000-ம் ஆண்டு, ஜூலை 25. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் 'கான்கார்டு' விமானம் பாரிஸ் நகரில் புறப்பட்டது. சில நிமிடங்களுக்கு முன் அதே பாதையில் போன வேறொரு விமானத்திலிருந்து ஓர் உலோகப் பட்டை கழன்று விழுந்து கிடந்தது. நீளம் ஒன்றரை அடிக்கும் குறைவு. கான்கார்டின் சக்கரம் அதன்மேல் ஏறியது. டயர் வெடித்தது. டயர்த் துண்டு இறக்கையில் இருந்த எண்ணெய்த் தொட்டியின்மேல் மோதியது. எண்ணெய் கொட்டியது. தீப் பிடித்தது! இரண்டு நிமிடத்துக்குள் விமானம் ஓர் ஓட்டலின்மேல் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 109 பேரும், தரையில் 4 பேரும் மாண்டார்கள்.

அன்று பிற்பகல் 3 மணிக்கு ஓடுபாதை முழுவதையும் சோதிப்பதாக ஏற்பாடு. தீயணைப்புப் பயிற்சிக்காக அது தள்ளிப் போயிருந்தது. பட்டை விழுந்தது அதற்கெல்லாம் வெகுநேரம் பிறகுதான். ஆகையால் 3 மணிச் சோதனை நடந்திருந்தாலும் அது கண்ணில் பட்டிராது. ஆனால் சோதனையைத் தள்ளிப் போடுவது என்றாலே விமான நிலையச் சிப்பந்திகளுக்கு இன்றும் நெஞ்சு துணுக்குறுகிறது.

"சரி" என்ற சொல்

ஓடுபாதையில் ஜீப் ஏறக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். கோபுரம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். வெறுமனே "சரி" என்றால் போதாது. 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, டெனரீஃப் தீவில் மூடுபனி. இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ரேடியோப் பேச்சு சரியாக விளங்கவில்லை. ஒன்று புறப்பட்டு மற்றதன்மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

மழைக்காலத்தில் புல்வெளியில் புழு பூச்சி கிளம்பும். அதைத் தின்னப் பறவைகள் வரும். அவற்றைப் பட்டாசு வெடித்து விரட்டுவதும் இந்தச் சிப்பந்திகளின் பொறுப்பே.

விடியற்காலை. ஜீப் கடைசி முனைக்கு வந்துவிட்டது. புதியவர் கையில் ஒரு சின்னத் திருகாணி. கிடைத்த இடம், நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுதுகிறார். 5.40 என்று எழுதி, அடித்துவிட்டு, 0.10 என்று திருத்துகிறார்.

"ஓடுபாதையை விட்டு விலகிவிட்டேன்" என்கிறார் ரேடியோவில். கோபுரம் அதைத் திருப்பிச் சொல்கிறது. தூரத்து வானத்தில் ஒரு வெளிச்சம் இறங்கி வந்துகொண்டிருக்கிறது.