பண்பலைப் பெட்டியும் மாடி ஏரியலும்

1970-களில் ஜப்பானில் செய்யப்பட்டு, ஏற்றுமதிக்கென்றே வெளிவந்த பண்பலை ட்யூனர் ஒன்று பல கை மாறி நாகப்பட்டினத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, அதன் அலுமினிய முகத்தைத் துடைத்து மெருகேற்றுவதிலும், இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு நீண்ட கண்ணாடிக்குப் பின்னே ஒளிரும் எண்வரிசையைப் பார்த்து ஆனந்திப்பதிலுமே முதல் வாரம் முழுவதையும் செலவிட்டேன். பின்புறத்தில் ஒரு முழக் கம்பியைச் செருகித் தொங்கவிட்டதோடு ஏரியலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று எண்ணிக்கொண்டேன். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள காரைக்கால் வானொலி, 100.3 மெகாஹெர்ட்ஸில், மணல் சலிப்பது போன்ற இரைச்சலோடுதான் கேட்டது. பெட்டியில் கோளாறு என்று தீர்மானித்து, பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் தூக்கிச் சென்றேன். மூடியைக் கழற்றி நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க வீட்டு மாடியில என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டுமே இருந்தது.

ட்யூனர் என்பது ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ இல்லாத வானொலி. ஆகாயத்தில் நிறைந்திருக்கும் அநேக அலைகளில் ஒன்றை மாத்திரம் பொறுக்கியெடுத்து, அதிலுள்ள பேச்சையும் பாட்டையும் பிரித்து, ஆம்ப்ளிஃபயரின் கையில் கொடுப்பதோடு அதன் வேலை தீர்ந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் 'ட்யூனர்' அல்லது 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில் அதன் வயர்களைச் செருக வேண்டும். இசைத்தட்டுக்கென்று ஏற்பட்ட 'ஃபோனோ' துளையில் செருகினால் சப்தம் பொங்கிச் சிதறும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது மின்சாரம். ஜப்பானிய உள்நாட்டுப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கு அமைந்தவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். தவிர, அந்நாட்டுப் பண்பலை அக்காலத்தில் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையில் இருந்தபடியால், உள்நாட்டுப் பெட்டியில் நம் நிலையங்களில் பெரும்பாலானவை அகப்படவே மாட்டா. அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டியில் வேறொரு சூட்சுமம் உண்டு. உச்ச ஸ்வரங்களை ஒலிபரப்பும்போது சற்று உயர்த்தி அனுப்பி, வாங்கும்போது அதே அளவு தாழ்த்துவது வழக்கம். அந்த அளவு அமெரிக்காவில் 75 மைக்ரோ செகண்டு, நம் நாட்டில் 50. பின்புறத்தில் இதற்கென்று சுவிட்ச் இருந்தால் 50-இல் வைக்க வேண்டும். இல்லையேல் ஜாலராவின் நாதம் துணி போர்த்தியதுபோல் மங்கிவிடும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டால்தான் குமிழைத் திருப்பும் கைக்குப் பொறுமை வரும். 100.3-க்கு முள்ளைக் கொண்டுபோகும்போது, அச்சில் சுழலும் தகடுகள் நிலையான தகடுகளுக்கிடையே நுழைந்து விலகும் 'கேங்' கண்டென்சர், பெட்டிக்குள்ளேயே 111 மெகாஹெர்ட்ஸ் அலையொன்று எழும்படி செய்கிறது. இரண்டும் கலந்தால் வித்தியாசம் 10.7. எந்த நிலையத்தை வைத்தாலும் இந்த 10.7 மாறாதபடி உள் அலையும் கூடவே நகர்ந்துகொண்டிருப்பதால், அதற்குப் பின்னுள்ள வடிகட்டிகள் யாவும் அந்த ஒரே அலைக்கென்று பிரத்தியேகமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. அலையின் உயரத்தில் ஏறிக்கொண்டு வருகிற மின்னல், மோட்டார் பொறி முதலிய சப்தங்களை 'லிமிட்டர்' என்னும் பகுதி மட்டமாக வெட்டியெறிந்துவிடுகிறது. பாட்டு அலையின் உயரத்தில் இல்லாமல் அது விரைந்தும் தளர்ந்தும் அசைகிற அசைவில் அடங்கியிருப்பதால், வெட்டுப்பட்டும் சேதமின்றித் தப்புகிறது.

இரைச்சலை இப்படி அடக்கும் பண்பலையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். பண்பலை முறையால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்று பொறியாளர் ஜான் கார்சன் 1922-இல் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அலையைக் குறுக்குவதற்குப் பதிலாகத் தாராளமாக விரியவிட்டால் இரைச்சல் அடங்கும் என்பதைக் கண்ட ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு, 1933 டிசம்பர் 26-இல் காப்புரிமைகள் கிடைத்தன. 1935 நவம்பரில், நியூயார்க்கில் பொறியாளர் சபையொன்றின் முன்னிலையில், யாங்கர்ஸ் ஊரிலிருந்த நண்பர் வீட்டு ஒலிபரப்பை அவர் வாங்கிக் காட்டினார். அங்கே தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சப்தமும் காகிதத்தைக் கசக்கும் சப்தமும் இங்கே தெளிவாகக் கேட்டனவாம். வானொலி என்றால் கொரகொரப்பு என்று பழகிப்போன செவிகளுக்கு அந்தத் தண்ணீரின் சப்தம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பெரிய கம்பெனிகளோடு வருஷக்கணக்காக வழக்காடி, மனமொடிந்து, 1954-இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கண்ட பண்பலை இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் தொடங்கியது 1977 ஜூலை 23-இல்.

பெரியவர் சொன்னபடி ஏரியல் கட்டினேன். தொலைக்காட்சி வந்த புதிதில் மாடிக்கு மாடி இறங்கிய தட்டையான ரிப்பன் வயரை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அதே 300 ஓம் வயர்தான் இதற்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஏரியலுக்கு வேண்டியது அதில் பாதி. ஆகவே ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளிலும் உள்ளிருக்கும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிப் பற்றவைத்து, நடுவில் ஒரு கம்பியை மட்டும் அறுத்து, அறுந்த இரு நுனிகளிலிருந்து கீழே பெட்டிக்கு வேறொரு ரிப்பனை இறக்க வேண்டியதுதான். மூங்கில் கழியில் குறுக்கே கட்டி நிறுத்தியதும், அதே பெட்டியில், அதே 100.3-இல், இரைச்சல் இருந்த இடம் தெரியவில்லை. பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்தச் சில அடி வயருக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் நான் மிகுந்த வற்புறுத்தலோடு இதைச் சொல்லி வருகிறேன்.

நிலையத்தில் நிறுத்துவது ஒரு பழக்கம். குமிழுக்குப் பின்னே கனமான சக்கரம் இருப்பதால், விரலால் ஒரு சுண்டு சுண்டினால் முள் எண்வரிசையில் தானாகவே வழுக்கிக்கொண்டு ஓடும். நிலையம் நெருங்குகையில் விரல் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அநேகமாக இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று அலையின் பலத்தைக் காட்டுவது. மற்றதன் முள் நடுக்கோட்டில் நிற்க வேண்டியது. பலம் உச்சத்துக்குப் போகும் இடமும் நடுமுள் நேராகும் இடமும் ஒன்றாக இருந்தால் பெட்டி சொஸ்தமாக இருக்கிறதென்று அர்த்தம். இரண்டும் ஒத்துவராவிட்டால் உள்ளே காயில்களின் அமைப்பு வயதினால் விலகியிருக்கிறது. அப்போது ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காயில்களைத் திருக முற்படாமல், சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருப்பவரைத் தேடிப் போவதே விவேகம். பெட்டியைப் போட்டு அரைமணி நேரம் சூடேறிய பின்பே முள்ளைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்திருக்கும்போது வைத்த இடம் சற்று நகர்ந்துபோவது பழம்பெட்டிகளின் சுபாவம். நிலையம் பலஹீனமாக வந்தால், அத்தகையவற்றை வாய்மூடச் செய்யும் 'மியூட்டிங்' சுவிட்சை விலக்கிவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் வெகுவாகத் தணியும். ஸ்டீரியோவின் இடது வலது வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் என்னும் உயர்ந்த அதிர்வெண்ணில் ஏறி வருவதும், பண்பலையில் அதிர்வெண் கூடக் கூட இரைச்சல் அதிகரிப்பதுமே இதற்குக் காரணம்.

டயல் நூல் அறுவது, சிறு பல்புகள் அணைவது, எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் உலர்ந்துபோவது இவையெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவையே, எதையும் மாற்றிவிடலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் உப்புக் காற்றில் சுவிட்சுகள் கறுப்பதையும், ஏரியல் இணைப்புகள் பச்சை பூப்பதையும் ஆண்டுக்கொருமுறையாவது கவனித்துத் துடைக்க வேண்டும்.

ஆனால் அதே கடல் எங்களுக்கு ஒரு பாக்கியமும் செய்திருக்கிறது. பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால் அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் வருவதில்லை. எனினும், கோடையில் காற்று அசையாத மாலைகளில், கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் உலர்ந்த வெப்பக்காற்றும் அடுக்காகப் படியும்போது, அலைகள் கடலுக்கும் அந்த வெப்பக்காற்றுக்கும் நடுவே வாய்க்காலில் ஓடும் நீர்போல வளைந்து வந்து, இலங்கைத் தமிழ் நிலையங்களை எங்கள் கரையில் சேர்த்துவிடுகின்றன. குறுக்குக் கம்பியாகக் கட்டிய ஏரியல் தன் இரு முனைகளின் பக்கம் செவிடு. அகன்ற இரு முகங்களின் பக்கமே நன்றாக வாங்கும். காரைக்கால் எங்களுக்கு நேர் வடக்கு. யாழ்ப்பாணமும் கொழும்பும் ஏறத்தாழ நேர் தெற்கு. ஆகையால் கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு கம்பியைக் கிழக்கு மேற்காகவே நிறுத்தி, காற்றில் சுழன்றுவிட்டால் மறுபடி கண்டுகொள்ளும்படி, கழியிலும் தண்ணீர்த் தொட்டியின் சுவரிலும் சுண்ணாம்பால் ஒரே நேரில் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன்.