உஷார்! முதுகுக்குப் பின்னால் 13 கிலோ இரும்பு!

தார், ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் எழுந்துபோய் வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். நாலடி நீள ஹை-லிஃப்ட் ஜாக், முன்சீட்டுகளின் நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறதா? மேலே ஒரு தார்ப்பாய், பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டி, கட்டு எதுவும் இல்லையா? அப்படியானால் அதை இறக்கி வைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஜாக்கைப் பிடித்து வேலை செய்யும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. கைப்பிடி எகிறித் தாடையைப் பெயர்க்கும், வண்டி சரியும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். சேற்றிலிருந்து வண்டி வெளியே வந்ததும் அந்தப் பயம் எங்கே போகிறதோ தெரியவில்லை. கிடைத்த இடத்தில் ஜாக்கைப் போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் 80-ல் வீடு திரும்புகிறார்கள். இது 1905-லிருந்து அமெரிக்காவின் இண்டியானாவில் செய்துவரும் பண்ணைக் கருவி. பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைக்க யாரும் இதைச் செய்யவில்லை.

கணக்கைப் பாருங்கள். 48 அங்குல ஜாக் ஏறக்குறைய 13 கிலோ. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதினால் வண்டி நின்றுவிடும், ஜாக் நிற்காது. அதே 50-ல் முன்னால் பாயும். 10 மீட்டர் உயரத்தில், அதாவது மூன்றாவது மாடியிலிருந்து தள்ளிவிட்ட இரும்பு தரையைத் தொடும் வேகம் அது. 80 கி.மீ. என்றால் உயரம் 25 மீட்டர். ஏர்பேக் முன்னாலும், சில வண்டிகளில் பக்கவாட்டிலும்தான் இருக்கிறது. பின்னாலிருந்து பிடரிக்கு வருவதை அது என்ன செய்யும்? வண்டி உருண்டால் கேட்கவே வேண்டாம்.

‘எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேனே’ என்பவர்களுக்கு: அந்தக் கயிறே நீள்வதற்காகச் செய்தது. உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் சீட்டுக்குப் பின்னால், குறுக்குவாட்டில், தரையோடு தரையாக, பாடி இரும்பில் போல்ட் போட்ட பிராக்கெட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் டிரிம்மில் ஸ்க்ரூ முறுக்குவது கண்துடைப்பு.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. உங்கள் வண்டியில் இந்த ஜாக் எங்கே பிடிக்கும்? கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பம்பரில் அதன் மூக்குக்கு இடமே கிடையாது. இரும்பு பம்பரோ ராக் ஸ்லைடரோ போடாமல் ஜாக் மட்டும் மாட்டிக்கொண்டு திரிபவர்கள் நிறையப் பேர். ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வெளியே மாட்டுவதிலும் வம்பு உண்டு. பானெட் மேல் மாட்டினால் ஓட்டுபவரின் பார்வை மறையும், குறுக்கே வருகிற ஆளைப் பதம் பார்க்கும். நடந்துபோகிறவர்களுக்கு ஆபத்து என்றுதான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டியின் முன்னால் மாட்டும் புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கூரை கேரியரில் போட்டால் மேல்கனம் கூடும். சாய்ந்து நிற்கிற வண்டியின் கூரையிலிருந்து 13 கிலோவை இறக்குவதும் விளையாட்டல்ல. ஸ்டெப்னியோடு சேர்த்துப் பின்கதவில் தொங்கவிடுவது வசதிதான். ஆனால் பெரிய டயர் வேறு மாற்றியிருந்தால் கதவின் கீல்தான் பாவம். கதவு தொய்ந்து, மூடும்போது இடிக்க ஆரம்பிக்கும். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையாமல் பார்க்க வேண்டும். என் ஓட்டு, பின்பக்க இரும்பு பம்பரிலிருந்து எழும்பும் தனி பிராக்கெட்டுக்கு.

எங்கே மாட்டினாலும் குறைந்தது இரண்டு இடத்தில் பிடிப்பு வேண்டும். ஜாக் தண்டு முழுக்க ஓட்டைதான். அதிலேயே போல்ட் விடுங்கள். வெல்டிங் பட்டறையில் ‘ஒரு கிளிப் வச்சு ஒட்டிடலாம் சார்’ என்பார்கள். தண்டைச் சூடாக்கினால் அதன் பலம் போச்சு. விரலால் முடுக்கும் சிறகு நட்டு, கரடுமுரடான பாதையின் அதிர்வில் தானாகக் கழலும். நைலாக் நட்டு போட்டு, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது. கைப்பிடியைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் வளையத்தை விட்டுவிடாதீர்கள். கைப்பிடி ஆடினால் தடதட சத்தத்தோடு போல்ட்டும் தளரும்.

மழையிலும் சேற்றிலும் வெளியே தொங்குகிற ஜாக்குக்கு வேறு நோய். அதன் உயிர் ஏறுமுள் எனப்படும் இரண்டு சிறிய உலோகக் குச்சிகளிலும், அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. செம்மண் புகுந்து காய்ந்தால் குச்சி பாதி ஓட்டையில் நின்றுவிடும். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இது நடந்தால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, லேசான எண்ணெய் தெளியுங்கள். பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம், புழுதியை இழுத்துப் பிடிக்கும். உறை போட்டால் அவ்வப்போது கழற்றிக் காயவையுங்கள், உள்ளே ஈரம் தங்கினால் துரு.

பாரம் மீறினால் தானே முறிய வேண்டும் என்றே ஒரு போல்ட் ஜாக்கில் இருக்கிறது. அது முறிந்துவிட்டதென்று கடையில் கிடைத்த கடினமான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை முறிவது வேறு எதுவோ. கம்பெனி போல்ட் ஒன்றிரண்டு கையில் இருக்கட்டும்.

திருடு போகாமல் பூட்டும் போடுவீர்கள், போடத்தான் வேண்டும். பித்தளைப் பூட்டாக வாங்கி, அதன் சாவியை வண்டிச் சாவிக்கொத்திலேயே கோத்துவிடுங்கள். வீட்டு மேஜை டிராயரில் வேண்டாம்.